மரக்குதிரையின் வயிற்றில் என்ன இருந்தது

மாத நாவல் வாங்கிப் படித்து வளர்ந்தவர்களுக்கு ஏமாற்றம் ஒரு பெரிய விஷயமே இல்லை. பஸ் ஸ்டாண்டு கடையில் கயிற்றில் தொங்கும் புத்தகத்தை உருவி, ஊர் போய்ச் சேர்வதற்குள் முடித்துவிட்டு, “இந்தத் தடவை கொஞ்சம் சுமார்தான்” என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு இறங்கிவிடலாம். எழுதியவர் மேல் கோபம் வராது. அடுத்த மாதம் இன்னொன்று வரும், அதில் சரிக்கட்டிவிடுவார். நிறைய எழுதுகிறவர்களுக்கும் அவர்களுடைய வாசகர்களுக்கும் நடுவே இப்படி ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

அகதா கிறிஸ்டியோடு எனக்கும் அக்காவுக்கும் இருந்ததும் அதே கணக்குதான். 66 துப்பறியும் நாவல்கள் எழுதியவர். அதில் சில சோடை போனால் என்ன? அப்படி விட்டுத்தள்ள முடியாமல் போனது ஒரே ஒரு புத்தகத்தில். 1973இல் வந்த ‘போஸ்டர்ன் ஆஃப் ஃபேட்’.

எண்பதுகளின் நடுவில் கும்பகோணத்தில் இருந்தோம். கடைத்தெருவை ஒட்டிய சந்தில், தபால் இலாகாவில் ஓய்வுபெற்ற ஒருவர் தன் வீட்டு முன்னறையையே வாடகை நூலகமாக்கி வைத்திருந்தார். மூன்று சுவர்களில் அலமாரி, நாலாவது சுவரில் முருகன் படம். தமிழ்ப் புத்தகங்கள் வாசல் பக்கம், இங்கிலீஷ் புத்தகங்கள் உள்பக்கம். ஒவ்வொன்றுக்கும் காக்கி உறை போட்டு, முதுகில் அவருடைய தபாலாபீஸ் கையெழுத்தில் எண். கிறிஸ்டியின் ஃபோன்டானா பதிப்புகள் தனி வரிசையாக இருந்தன. அவற்றின் அட்டைப்படங்களை நாங்கள் பார்த்ததே கிடையாது, காக்கி உறையைப் பிரிக்கக் கூடாது என்பது சாரின் சட்டம்.

அக்கா அப்போது பி.ஏ. இங்கிலீஷ் படித்துக்கொண்டிருந்தாள். நான் பள்ளிக்கூடம். வாடகையை மிச்சம் பிடிக்க இருவரும் ஒரே புத்தகத்தைப் பகிர்ந்து படிப்போம். அதில் ஒரு பந்தயமும் உண்டு. பாதிப் புத்தகம் தாண்டியதும் யார் கொலையாளி என்று துண்டுச் சீட்டில் எழுதி, மடித்து, சாமி மாடத்தில் விபூதிச் சம்படத்துக்கு அடியில் வைத்துவிட வேண்டும். இருவரும் முடித்த பிறகு சம்படத்தைத் தூக்கிப் பார்ப்போம். முக்கால்வாசி நேரம் அக்காதான் ஜெயிப்பாள். அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. ரஃப் நோட்டில் புத்தகத்தில் வருகிற பொருட்களை மட்டும் எழுதுவாள், ஆட்களை எழுதமாட்டாள். நின்றுபோன கடிகாரம், இடம் மாறியிருக்கும் நாற்காலி, யாரோ குடிக்காமல் வைத்த காப்பி. “ஆள் பொய் சொல்லும்டா, சாமான் சொல்லாது” என்பாள். இது கிறிஸ்டியே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது. 1926இன் ‘ரோஜர் அக்ராய்ட்’ நாவலில் ஒரு நாற்காலி நகர்ந்திருப்பதை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகிறார்! வேறு யாராவது எழுதியிருந்தால் அந்த நாற்காலி அறையை நிரப்ப வந்த வெறும் நாற்காலியாகத்தான் இருந்திருக்கும்.

‘போஸ்டர்ன் ஆஃப் ஃபேட்’ எங்கள் கைக்கு வந்தபோது அதன்மேல் ஏகப்பட்ட எதிர்பார்ப்பு. காரணம் டாமியும் டப்பென்ஸும். பொய்ரோவையும் மிஸ் மார்ப்பிளையும் எல்லோருக்கும் தெரியும், இந்தத் தம்பதியை அவ்வளவாகத் தெரியாது. 1922இல் ‘தி சீக்ரெட் அட்வெர்சரி’யில் வரும்போது இருவரும் இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கிறார்கள். முதல் உலகப் போர் முடிந்து, வேலையும் இல்லாமல், டீக்கடையில் யார் காசு கொடுப்பது என்று பார்க்கிற நிலைமை. அதன் பிறகு 1929, 1941, 1968 என்று எப்போதாவது தலைகாட்டுகிறார்கள். பொய்ரோவுக்கு வயதே ஏறாது. 1920இல் வரும்போதே ஓய்வுபெற்ற போலீஸ்காரர், ஐம்பது வருஷம் கழித்தும் அப்படியே இருக்கிறார். டாமிக்கும் டப்பென்ஸுக்கும் மட்டும் காலம் ஓடுகிறது. காதலிக்கிறார்கள், குழந்தை பெறுகிறார்கள், குழந்தைகள் வளர்ந்து போருக்கு வேலை செய்கிறார்கள், பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். 1973இல் இருவருக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது. கடற்கரை ஊர் ஒன்றில் பழைய வீடு வாங்கிக்கொண்டு குடிவருகிறார்கள்.

நாவலின் தொடக்கத்தை இப்போதும் குறை சொல்லமாட்டேன். பழைய சொந்தக்காரர்கள் விட்டுப்போன குழந்தைப் புத்தகங்களை டப்பென்ஸ் அடுக்கிக்கொண்டிருக்கிறாள். அடுக்குகிற வேலை நடக்கவில்லை, ஒவ்வொன்றாகத் திறந்து படிக்க ஆரம்பித்துவிடுகிறாள். ஸ்டீவன்சனின் ‘தி பிளாக் ஆரோ’வைப் பிரித்தால் உள்ளே எழுத்துகளுக்கு அடியில் சிவப்பு மையில் கோடுகள். சொற்களுக்கு அடியில் அல்ல, இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தனித்தனி எழுத்துகளுக்கு அடியில். ஒரு தாளை எடுத்து அந்த எழுத்துகளை மட்டும் வரிசையாக எழுதிக் கோத்துப் பார்க்கிறாள். மேரி ஜோர்டன் என்கிற பெண் இயற்கையாகச் சாகவில்லை, செய்தது எங்களில் ஒருவர், யாரென்று எனக்குத் தெரியும் போலிருக்கிறது என்று அலெக்ஸாண்டர் என்றொரு சிறுவன் ஒளித்துச் சொல்லியிருக்கிறான். அந்தச் சிறுவனும் வளர்ந்து ஆளாகவில்லை என்பது ஊர்க் கல்லறையில் தெரியவருகிறது.

வாடகை நூலகத்து வாசகர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! எங்கள் நூலகத்துப் புத்தகங்களிலும் யாராவது கோடு போட்டிருப்பார்கள். தெரியாத சொற்களுக்கு ஓரத்தில் தமிழில் அர்த்தம் எழுதியிருப்பார்கள். சில மகானுபாவர்கள் முதல் பக்கத்திலேயே கொலையாளியின் பெயரைப் பென்சிலில் எழுதி வைத்துவிட்டுப் போவார்கள், சார் அழிரப்பரோடு உட்கார்ந்து அழித்துக்கொண்டிருப்பார். ஆகவே புத்தகத்துக்குள் ஒருவன் எழுதிவைத்துவிட்டுப் போன கொலைச் செய்தி என்றதும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். “இதுதாண்டா இவ எழுதினதுலயே பெஸ்ட்டு” என்றாள், இருபது பக்கம்கூடப் படிக்காமல்.

பிறகு பொருட்கள் வரத் தொடங்கின. கண்ணாடிக் கூரை போட்ட ஒரு சின்னச் செடிக் கொட்டகை, அதற்கு கேகே என்று பெயர். அதற்குள் மட்டில்டா என்ற ஆடுகிற மரக்குதிரை. ட்ரூலவ் என்று இன்னொரு பொம்மைக் குதிரை வண்டி. கரு நீலத்தில் ஒன்றும் இளநீலத்தில் ஒன்றுமாக இரண்டு பீங்கான் முக்காலிகள், அவற்றுக்கு ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் என்று பெயர். முற்றத்தில் குரங்குகூட ஏற முடியாத ஒரு முள் மரம். அக்காவின் ரஃப் நோட்டு நிரம்பியது. மட்டில்டாவின் வயிற்றில் ஓட்டை இருக்கிறது, அந்தக் காலத்தில் பிள்ளைகள் அதற்குள் எதையாவது ஒளித்து வைப்பார்கள் என்று தோட்டக்காரக் கிழவர் ஐசக் சொன்ன இடத்தில் இரண்டு கோடு போட்டு, பக்கத்தில் நட்சத்திரமும் போட்டாள்.

இங்கேதான் எனக்கு இந்த நாவலோடு உள்ள வழக்கே. கையை விட்டுத் தேடுகிறார்கள், பழைய காகிதங்கள் கிடைக்கின்றன. ஆனால் அந்தக் காகிதத்தால் கதை ஒரு அடிகூட நகராது. டப்பென்ஸ் அதைப் பற்றி டாமியிடம் சொல்வாள். டாமி அதைப் பற்றி ஒரு பழைய உளவுத்துறை அதிகாரியிடம் சொல்வார். அவர், அந்தக் காலத்தில் நிறைய நடந்தது, சிலது இப்போதும் நடக்கிறது, ஜாக்கிரதை என்று பூடகமாகத் தலையாட்டுவார். டாமி வீட்டுக்கு வந்து அதை டப்பென்ஸிடம் சொல்வார். அவள் இதற்குள் ஊர்ப் பாட்டிமார்களிடம் டீ குடித்துக்கொண்டே ஒரு மூட்டை வதந்தி சேர்த்து வைத்திருப்பாள். அதையும் இதையும் சேர்த்து இருவரும் மறுபடி பேசுவார்கள். மேரி ஜோர்டன் முதல் உலகப் போருக்கு முன்பு அந்த வீட்டில் இருந்தவள் என்பது தெரியும். கடற்படை ரகசியம் ஏதோ களவு போனதும், அவளை ஜெர்மன் ஒற்றர் என்று ஊர் சொன்னதும் தெரியும். உண்மையில் அவள் இங்கிலாந்துக்காக வேலை செய்தவள் என்பதும் ஒரு கட்டத்தில் தெரிந்துவிடும். இந்த மூன்று தகவலையும் நாம் எத்தனை வாயிலிருந்து எத்தனை தடவை கேட்கிறோம் என்பதுதான் நாவல்.

விஷம் என்னவென்று சொல்லும் இடம் இருக்கிறதே, அதுதான் எனக்கு உண்மையில் வலித்தது. கீரையோடு கீரையாக டிஜிடாலிஸ் செடியின் இலையும் சமையலுக்குப் போய்விட்டது. போகிறபோக்கில் ஒருவர் சொல்லிவிட்டுப் போகிறார், அவ்வளவுதான். முதல் உலகப் போரின்போது மருந்தகத்தில் வேலை பார்த்து, எந்த மருந்து எவ்வளவு போனால் ஆளைக் கொல்லும் என்று கற்றுக்கொண்டு வந்தவர் கிறிஸ்டி. இதே இலையை வைத்து 1930களின் தொடக்கத்திலேயே ‘தி ஹெர்ப் ஆஃப் டெத்’ என்று ஒரு மிஸ் மார்ப்பிள் சிறுகதை எழுதியிருக்கிறார். வாத்துக்குள் வைத்துச் சமைக்கும் பூரணத்தில் மணத்துக்குப் போடுகிற இலையோடு அது கலந்துபோகிறது. விருந்தில் எல்லோருக்கும் உடம்பு முடியாமல் போகிறது, ஒருத்தி மட்டும் சாகிறாள். தப்பிப் பறித்த இலையா, தெரிந்து விதைத்த இலையா, எல்லோரும் தின்றதில் ஒருத்தி மட்டும் ஏன் செத்தாள்? சின்னச் சிறுகதைக்குள் எல்லாவற்றுக்கும் கணக்கு நேராகிவிடும். நாற்பது வருஷம் கழித்து அதே இலை அதே சமையலறைக்கு வருகிறது, ஒருவரும் எந்தக் கேள்வியும் கேட்பதில்லை.

பாதிக்கு மேல் போன பிறகு ஐசக்கை யாரோ அடித்துக் கொன்றுவிடுகிறார்கள். ஒரு உயிர் போனால் கதை சூடுபிடிக்க வேண்டாமா? போலீஸ் வருகிறது, பேசுகிறது, போகிறது. ஊர்ச் சிறுவர்கள் கூடித் துப்புத் துலக்குவதாகச் சொல்கிறார்கள், அதுவும் பேச்சோடு சரி.

சீட்டு எழுதும் நாள் வந்தது. நான் ஏதோ ஒரு பெயரை எழுதி மடித்துவிட்டேன். அக்கா எழுதவில்லை.

“எழுதுக்கா.”

“யாரடா எழுதறது? இதுல ஆளே இல்லையே. எல்லாரும் வந்து டீ குடிச்சுட்டுப் போறா.”

முடிவைச் சொல்லிவிடுகிறேன். சொன்னால் கெட்டுப்போகும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. தோட்ட வேலைக்கு என்று கடைசிப் பகுதியில் புதிதாக வந்து சேரும் ஒரு பெண்மணிதான் ஆபத்து. டப்பென்ஸின் காப்பியில் விஷம் கலக்கப் பார்க்கிறாள், ஹானிபல் என்கிற நாய் அவள்மேல் பாய்கிறது, மாட்டிக்கொள்கிறாள். அறுபது வருஷத்துக்கு முன் மேரி ஜோர்டனைக் கொன்றது அந்தக் குடும்பத்தில் யார்? புத்தகத்துக்குள் சிவப்பு மையில் கோடு போட்ட பையன் யாரைச் சந்தேகப்பட்டான்? ஏதோ ஒரு கூட்டம், ஏதோ ஒரு சதி, அது இன்னும் வேரோடு இருக்கிறது என்று பெரிய மனிதர்கள் சொல்கிறார்கள். அதோடு சரி. அக்கா கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு, பக்க எண்களைச் சரிபார்த்தாள். காக்கி உறையைக்கூடப் பிரித்துப் பார்த்தாள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது சாரிடம், “சார், இதுல தாள் ஏதாவது விழுந்துருக்கா?” என்று கேட்டாள். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “இந்த புஸ்தகத்துக்கு எல்லாரும் இதையேதாம்மா கேக்கறா” என்றார்.

அன்றைக்கு அந்த ஏமாற்றத்துக்கு எங்களிடம் விளக்கம் இல்லை. வேறு மோசமான நாவல்களும் படித்திருந்தோம். துப்பு போதாத நாவல் உண்டு, துப்பு அபத்தமான நாவல் உண்டு. இதில் துப்பைத் தவிர எல்லாமே துப்பு மாதிரி இருந்தது. புதிதாகக் கிறிஸ்டி படிக்கிற ஒருவருக்கு இது வெறும் சவசவ நாவல், தூக்கிப் போட்டுவிடுவார். ரஃப் நோட்டில் நீலப் பீங்கான் முக்காலியை எழுதி வைத்துக்கொண்டு காத்திருப்பவருக்குத்தான் வலி அதிகம். பொருளைச் சந்தேகப்படு என்று ஐம்பது வருஷமாகச் சொல்லிக்கொடுத்த வாத்தியார், ஒருநாள் பாடமே நடத்தாமல் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றால் பிள்ளைகள் என்ன செய்யும்?

விளக்கம் பின்னால் வந்தது, இரண்டு தவணையாக.

முதலாவது, அவருடைய சுயசரிதை. அவர் 1976 ஜனவரியில் இறந்த பிறகு, 1977இல் வெளியானது. வேலைக்குச் சென்னை வந்தபின் நடைபாதைக் கடையில் ஒரு பிரதி கிடைத்தது. டார்க்வே ஊரில் அவர் பிறந்து வளர்ந்த ஆஷ்ஃபீல்டு வீட்டைப் பற்றிய பக்கங்களுக்கு வந்தபோது படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தேன். கேகே அங்கே இருந்தது. அதே செடிக் கொட்டகை, அதே காரணமில்லாத பெயர். மட்டில்டா இருந்தது, அமெரிக்காவிலிருந்து அகதாவின் அக்கா, அண்ணனுக்காக வந்த மரக்குதிரை. ட்ரூலவும் இருந்தது. எல்லாம் குட்டிப்பெண் அகதா ஏறி விளையாடியவை. அந்த வீட்டை அவர் விற்க நேர்ந்தது, பிறகு அது இடிபட்டும் போனது. நாவலில் வரும் ஹானிபல்கூட மாஞ்செஸ்டர் டெரியர் இனம். அப்போது கிறிஸ்டி வளர்த்துக்கொண்டிருந்த பிங்கோவும் அதே இனம். புத்தகத்தையே ஹானிபலுக்கும் அவன் எஜமானருக்கும்தான் காணிக்கையாக்கியிருக்கிறார்.

அன்றே அக்காவுக்கு இன்லண்ட் லெட்டர் எழுதினேன். மரக்குதிரை நிஜம், கொட்டகை நிஜம், அதனால்தான் அதையெல்லாம் விட மனசில்லாமல் சுற்றிச் சுற்றி எழுதியிருக்கிறார் என்று உருகி உருகி இரண்டு மடிப்பும் நிறைய எழுதினேன். அவளுக்குக் கல்யாணமாகி திருச்சியில் இருந்தாள். பதில் நாலு வரியில் வந்தது. “நிஜமா இருந்தா சுயசரிதைல எழுதட்டும். அங்கதான் எழுதிட்டாளே. நம்மகிட்ட எதுக்கு கொலைன்னு சொல்லி காசு வாங்கினா?”

நான் அவள் பக்கம்தான் சாய்கிறேன். எழுதியவரின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் புத்தகத்தின்மேல் இரக்கம் வரலாம், புத்தகம் நன்றாகிவிடாது. சுயசரிதையில் அந்தக் கொட்டகை அரைப் பக்கம்தான், ஆனால் அப்படியே கண்முன் நிற்கிறது. நாவலில் அத்தியாயம் அத்தியாயமாக வருகிறது, ஒருநாளும் நிற்பதில்லை.

இரண்டாவது தவணை 2009இல் வந்தது. டொரன்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயான் லங்காஷயரும் கிரேம் ஹர்ஸ்டும் கிறிஸ்டியின் நாவல்களைக் கணினியில் ஏற்றி, காலம் போகப்போக அவருடைய சொல்வளம் என்ன ஆயிற்று என்று எண்ணிப் பார்த்தார்கள். எடுத்துக்கொண்டவற்றில் ‘போஸ்டர்ன் ஆஃப் ஃபேட்’டும் ஒன்று. அதற்கு முந்தைய வருஷம் வந்த ‘எலிஃபன்ட்ஸ் கேன் ரிமெம்பர்’ நாவலை 1954இன் ‘டெஸ்டினேஷன் அன்நோன்’ நாவலோடு ஒப்பிட்டால், வெவ்வேறு சொற்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. சொன்ன தொடரையே திரும்பச் சொல்வது கூடியிருந்தது. பெயர் சொல்லாமல் அது, இது, ஏதோ என்று கடப்பதும் கூடியிருந்தது. மறதி நோய் தொடங்கியிருக்கலாம் என்பது அவர்களுடைய முடிவு. உயிரோடு இருந்தபோது எந்த மருத்துவரும் அவருக்கு அப்படியொரு நோய் என்று சொன்னதாகப் பதிவு இல்லை, இது எழுத்தை வைத்துச் செய்த ஊகம்தான். பத்திரிகைகளில் அந்தச் செய்தியைப் பார்த்த அன்று எனக்கு நினைவு வந்தது அந்த நாவலின் உரையாடல்கள்தான். ஒருவர் ஒரு கேள்வி கேட்பார், மற்றவர் பதிலைத் தொடங்கி வேறெங்கோ போய்விடுவார், கேட்டவரும் கேட்டதை மறந்திருப்பார். பள்ளிக்கூடப் பையனாக அதைப் படித்தபோது சோம்பேறித்தனமான எழுத்து என்று நினைத்தேன். எங்கள் அப்பாவின் கடைசி வருஷங்களைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. அதற்கு மேல் இங்கே அதைச் சொல்ல விருப்பமில்லை.

கோபம் வருகிறதென்றால் பதிப்பகத்தார் மேல்தான். கிறிஸ்துமஸுக்கு ஒரு கிறிஸ்டி என்று வருஷம் தவறாமல் விற்றுப் பழகிவிட்டது. 1970, 71, 72, 73 என்று வரிசையாக ஒவ்வொரு வருஷமும் ஒரு நாவல். எழுதுகிறவருக்கு எண்பது தாண்டிவிட்டது, கைப்பிரதியில் கொலையாளியைக் காணவில்லை, தேதிகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. யாராவது ஒருவர் பென்சிலோடு உட்கார்ந்து, அம்மா, அந்தப் பையன் யாரைச் சந்தேகப்பட்டான் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். பாதியாகக் குறைத்திருந்தால் பழைய வீடும் நாயும் இரண்டு கிழங்களும் உள்ள அருமையான ஒரு சின்னப் புத்தகம் கிடைத்திருக்கும்.

அதற்குப் பிறகு அவர் நாவல் எழுதவில்லை. மாத நாவல் கணக்குப்படி அடுத்ததில் சரிக்கட்ட வேண்டியவர், அடுத்தது என்பதே இல்லாமல் நின்றுவிட்டார். ஆனால் பெட்டகத்தில் இரண்டு பிரதிகள் தயாராக இருந்தன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், எந்த நேரம் குண்டு விழுமோ என்ற நிலைமையில் எழுதி முடித்து, ஒன்றை மகள் பெயரிலும் மற்றொன்றைக் கணவர் பெயரிலும் எழுதி வைத்திருந்தார். பொய்ரோ சாகிற ‘கர்ட்டன்’ 1975இல் வந்தது. அந்தச் சாவுச் செய்தியை நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் போட்டது. மிஸ் மார்ப்பிளின் ‘ஸ்லீப்பிங் மர்டர்’ அவர் இறந்த பிறகு 1976இல் வந்தது. இரண்டிலும் பழைய சாமர்த்தியம் குறையாமல் இருக்கிறது. ‘ஸ்லீப்பிங் மர்டர்’ கதையைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு பெண் கடற்கரை ஊரில் பழைய வீடு வாங்குகிறாள், வீட்டுக்குள் பழைய கொலை ஒன்று ஒளிந்திருக்கிறது. ‘போஸ்டர்ன் ஆஃப் ஃபேட்’ எப்படி எழுதப்பட்டிருக்க வேண்டுமோ அப்படி, அதே கையால், முப்பது வருஷத்துக்கு முன்பே எழுதிப் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. அதில் ஒரு சுவர்க் காகிதம் வருகிறது, மூடிய ஒரு கதவு வருகிறது, இறங்கிப்போகிற படிகள் வருகின்றன. அக்காவின் ரஃப் நோட்டில் மூன்றும் இருந்தன, மூன்றுக்கும் கணக்கு நேரானது.

அக்கா மகள் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அம்மாவின் கிறிஸ்டி பைத்தியம் அவளுக்கும் தொற்றியிருக்கிறது, எல்லாம் செல்போனிலேயே படிக்கிறாள். டாமி டப்பென்ஸ் எதிலிருந்து தொடங்கலாம் மாமா என்று கேட்டாள். ‘என் ஆர் எம்’ படி, 1941, போர்க்கால ஒற்றர் கதை, ஜோராக இருக்கும், அதோடு நிறுத்திக்கொள் என்றேன். நிறுத்துகிற வயசா? போன மாதம் குடும்ப வாட்ஸாப் குழுவில் செய்தி போட்டாள். ‘போஸ்டர்ன்’ முடித்துவிட்டாளாம். கொலையாளி யாரென்று புரியவில்லையாம், திரும்பப் படிக்கவும் தெம்பில்லையாம். ஆனாலும் அந்த நாய் வருகிற இடமெல்லாம் சூப்பராம், வீட்டுக்கு யார் வந்தாலும் முறைத்துப் பார்த்து எடைபோடுகிறதே, அதற்காகவே ஒரு தடவை படிக்கலாமாம்.

அவள் சொன்னது சரிதான். அந்தப் புத்தகத்தில் யாரை நம்பலாம், யாரை நம்பக்கூடாது என்று தெளிவாகத் தெரிந்த ஒரே ஜீவன் ஹானிபல்தான். நான் கட்டைவிரல் படம் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அக்கா தட்டச்சு செய்திருந்தாள்:

“அப்போ நாய்க் கதைன்னே போட்டு வித்திருக்கலாம். நானும் நோட்டு எடுத்துண்டு உக்காந்திருக்க மாட்டேன்.”